தமிழில் விளக்கப்பட்டது

ஜொகூர் பாருவில் இருந்த அந்தப் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டதற்கு என் மதிப்பெண்கள் காரணமில்லை, என் தமிழ்தான் காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. மூன்று மாடிகளில் நாற்பதுக்கு மேல் வழக்கறிஞர்கள் இருந்தோம். தமிழர்களும் சிலர் இருந்தார்கள். ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவை உட்கார வைத்து, அவர் மகன்மேல் போடப்பட்டிருக்கும் குற்றச்சாட்டு என்னவென்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல அங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. நிறுவனத்தின் தலைவரும் தமிழர்தான். நாங்கள் அவரைச் சீனியர் என்போம். அவர் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஆங்கிலம். வரவேற்பறையில் வேட்டியோ சேலையோ தெரிந்தால் என் அறைக்குப் போன் போட்டு, உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வார். அவருடைய ஆட்களும்தானே என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டியவர், அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர். ஆறு வருடத் தமிழ்ப்பள்ளிப் படிப்பு ஒரு பெரிய அலுவலகத்தில் மதிக்கப்படும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை. கோயில் திருவிழா மலருக்கு நிறுவனம் கொடுக்கும் வாழ்த்து விளம்பரத்தில் ஒற்றெழுத்துப் பார்ப்பதுகூட என் வேலைதான். நான் அதையும் சிரத்தையாகச் செய்தேன்.

சேர்ந்து ஒன்பதாவது வருடத்தில் ரெங்கத்துப் பெரியவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது.

குளுவாங் பக்கத்து ஊரான ரெங்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது குளுவாங் சாலையில் ஒரு லாரி இடித்துவிட்டது. இடது காலில் தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரை இரும்புத் தகடு. ஒன்றல்ல, நான்கு அறுவை சிகிச்சை. வழக்குப் போட எங்கள் நிறுவனத்திடம் வந்தார். கோப்பை வைத்திருந்த வழக்கறிஞர் மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டு, கோலாலம்பூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கோப்பு அலமாரியில் கிடந்தது. பெரியவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். எடுக்கும் பெண், டாக்டர் கடிதம் இன்னும் வரவில்லை என்று சொல்வாள். அவளுக்கு அப்படிச் சொல்லத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். போடவில்லையென்றால் எவ்வளவு நியாயமான வழக்காக இருந்தாலும் செத்துப்போகும். எங்கள் நிறுவனம் அலமாரிகளை இடம் மாற்றியபோது அந்தக் கோப்பு வெளியே வந்தது. ஆறு வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சீனியர் என்னை அழைத்தார். கோப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேதிகளைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சட்டக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுப்பதுதான். தவறு எங்களுடையது என்று அவரிடம் சொல்ல வேண்டும், வேறு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், எங்கள் தவறுகளுக்கு நஷ்டஈடு கட்டும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நான் சீனியரிடம் சொல்லவும் செய்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, அந்த வழக்கே பலவீனமானது, சாட்சி இல்லை, போலீஸ் அறிக்கையில் இரண்டு விதமாக இருக்கிறது, போட்டிருந்தாலும் தோற்றிருக்கும் என்றார். அப்படியானால் பலவீனம் என்று சொல்லி முடித்துவிடுவதில் பொய் எதுவும் இல்லை என்றார். இதெல்லாம் ஆங்கிலத்தில். கடைசியாக ஒரு வரி மட்டும் தமிழில் சொன்னார்.

"நீ சொன்னா அவர் கேப்பார்."

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது.

அந்த வருடக் கடைசியில் புதிய பங்குதாரர்களின் பெயர்கள் வரும் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். சீனியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. நான்தான் அதை நினைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பஸ் பிடித்துக் குளுவாங் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வந்திருந்தார்கள். கண்ணாடி அறையில் உட்கார வைத்தேன். அவர் ஊன்றுகோலை நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, ஒரு பெரிய காகித உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எத்தனை திருகாணி இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். புதுசாக எடுத்தது, கேஸுக்கு உதவும் என்று டாக்டர் சொன்னார் என்றார். அவர் மனைவி படத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். சாட்சி இல்லை, போலீஸ் அறிக்கை நமக்குச் சாதகமாக இல்லை, கோர்ட்டுக்குப் போனால் ஜெயிப்பது கஷ்டம். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோற்றால் லாரிக் கம்பெனியின் வக்கீல் செலவையும் நீங்களே கட்ட வேண்டி வரும், வீட்டைக்கூட விற்க வேண்டியிருக்கலாம் என்று சேர்த்துச் சொன்னேன். அது சீனியர் சொல்லச் சொன்னதில்லை. அந்தப் பயத்தை நானே கண்டுபிடித்து, நல்ல தமிழில், மெதுவாக, ஒரு மகள் சொல்வதுபோல் சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை அந்த அறையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைக் குத்துவது அந்த வாக்கியம்தான்.

பெரியவர் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் வைத்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"விட்டுடலாம் ஐயா" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். கோப்பை மூடிவிடச் சம்மதம் என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது, ஆங்கிலத்தில். அவர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே ஒரு வரி. கடிதத்தின் உள்ளடக்கம் கையெழுத்திட்டவருக்குத் தமிழில் விளக்கப்பட்டது, அவர் முழுமையாகப் புரிந்துகொண்டார். அந்த வரிக்குக் கீழே விளக்கியவராக நான் கையெழுத்துப் போட்டேன்.

மின்தூக்கி வரை கூடப் போனேன். கதவு திறக்கும்போது அவர் சொன்னார், "வேற ஆளா இருந்தா இன்னும் இழுத்தடிச்சிருப்பாங்க. நீங்க நேரா சொல்லிட்டீங்கம்மா, நன்றி."

இதற்காகத்தான் அந்த நிறுவனத்தை விட்டு வந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது உண்மையில்லை. அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த வருடப் பட்டியலிலும் இல்லை. என் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்த, என்னைவிட நான்கு வருடம் இளையவர் பங்குதாரர் ஆனார். அவருடைய மாமனார் வீடமைப்புக் கம்பெனி நடத்துபவர். சீனியர் என்னை அழைத்து ஆறுதல் சொன்னார். நீ இந்த நிறுவனத்தின் பெரிய பலம், தமிழ் வாடிக்கையாளர்கள் உன்னைத்தான் நம்புகிறார்கள் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் எந்த உள்ளர்த்தமும் இல்லை. அவர் அந்தப் பெரியவரை எப்போதோ மறந்திருந்தார். எனக்கு மட்டும் உடம்பு எரிந்தது. அடுத்த மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கேக் வெட்டி அனுப்பினார்கள்.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, அதற்குப் பக்கத்தில் கோப்பிக்கடை. படிகள் செங்குத்து, மின்தூக்கி கிடையாது. என் பெயரைத் தமிழிலும் எழுதிப் பலகை மாட்டினேன். என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறவர். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீடு, தினமும் விடிவதற்கு முன்பே மோட்டாரில் பாலம் தாண்டிப் போவார். முதல் இரண்டு வருடம் அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான்தான் ஒவ்வொரு மாதமும் அவர் சொல்லிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய நிறுவனத்தில் இருக்கும்போது என்னைப் பார்த்தால் எழுந்து நின்றவர்கள் இருந்தார்கள். கோயில் தலைவர், ஒரு பள்ளி மேலாளர் வாரியத்துச் செயலாளர், சொந்தத்தில் இரண்டு சித்தப்பாக்கள். தனியாக வந்த பிறகு அவர்களில் ஒருவரும் படியேறவில்லை. நீதிமன்றத்தில் எதிர்ப்பட்டால், என்னம்மா, சொந்தமா ஆரம்பிச்சிட்டீங்களாமே, சந்தோஷம் என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் கோப்பின் மேலட்டையில் என் பழைய நிறுவனத்தின் முத்திரை இருக்கும். என்னிடம் வந்தவர்கள் வேறு. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லாத பிள்ளையின் அம்மா. வேலையிலிருந்து கடிதமே இல்லாமல் அனுப்பப்பட்ட பாதுகாவலர். விவாகரத்து வேண்டும், ஆனால் அது யாருக்கும் தெரியக் கூடாது என்று சொன்ன ஆசிரியை. எல்லாவற்றையும் நானே செய்தேன். தட்டச்சு, நகல் எடுப்பது, முத்திரைத்தாள் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது. மூன்றாவது வருடம்தான் அரைநாள் வேலைக்கு ஒரு கிளார்க் வைக்க முடிந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஒரு அக்கா, கணவர் இறந்த பிறகு வேலை தேடியவர்.

தனியாகத் தொழில் செய்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பெரிய ஆளின் கீழே இருப்பவர் தப்புச் செய்தால் அந்தத் தப்பைப் பாதி அவர் மேல் இறக்கி வைக்கலாம். தனியாக இருந்தால் அதற்கும் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

தொழில் ஆரம்பித்து மூன்று வருடம் முடிந்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்வதாகச் சொன்னாள். ரெங்கத்தில் இருக்கும் வீட்டை அப்பா தன் பெயருக்கு மாற்றிக் கொடுக்க விரும்புகிறார் என்றாள். ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தாள். அப்பா கீழே காரில் இருக்கிறார், காலால் படியேற முடியாது என்றாள். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. ரெங்கத்தில் கால் சரியில்லாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

"அப்பாதான் போர்டுல உங்க பேரைப் பாத்தாரு. அவங்ககிட்டயே போ, நேராப் பேசுறவங்கன்னு சொன்னாரு."

உறையைத் திறந்தேன். நிலவரி ரசீதுகள், அடையாள அட்டை நகல், பழைய வங்கிக் கடிதம். அவற்றுக்கு நடுவில் அந்தக் கடிதம். மேலே பழைய நிறுவனத்தின் பெயர். அடியில் அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது. வீட்டில் இருந்த முக்கியமான காகிதங்களை எல்லாம் மொத்தமாக எடுத்து வந்திருந்தாள்.

அவள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்குப் போடும் காலம் தவறிய நாளிலிருந்து அதற்குப் பொறுப்பான வழக்கறிஞர்கள் மேல் வழக்குப் போட அவருக்கும் ஆறு வருடம் இருந்தது. அதில் ஐந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. இன்னும் எட்டு மாதம் மிச்சம். எட்டு மாதம் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவும் முடிந்துவிடும். பிறகு யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது, என்னையும்கூட.

வீடு மாற்றும் வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மூன்று வாரத்தில் கையெழுத்துப் போட அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். அன்று கீழே போய் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். யாரும் காத்திருக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் பழைய விஷயத்தில் நான் சும்மாதான் இருந்தேன். பத்திரங்களைத் தயார் செய்தேன், நில அலுவலகத்தில் வீட்டின் உரிமைப் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடம் முழுவதையும் சொன்னேன். அதுவரை அவருக்கும் தெரியாது. அவர் குழாயை நிறுத்தினார். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, எட்டு மாதம் போய்விடும் என்றேன். சொன்னால் என்ன ஆகும் என்றார். என் லைசென்ஸ்கூடப் போகலாம் என்றேன். நீயே முடிவு செய்துகொள், எதுவாக இருந்தாலும் அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பத்து வருடமாகப் பாலம் தாண்டுகிறவருக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். கையெழுத்து நாளன்று பத்திரங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கடைசிப் பக்கத்தில் நானே தட்டச்சு செய்திருந்த வரி கண்ணில் பட்டது. உள்ளடக்கம் தமிழில் விளக்கப்பட்டது, அவர் முழுமையாகப் புரிந்துகொண்டார். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எப்போதும் சேர்க்கிற வரிதான். அதற்குக் கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தது. அந்த மனிதரின் பத்திரத்தில் இரண்டாவது முறையாக அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. மற்றது எதையும் நான் யோசிக்கவில்லை.

கார் கோப்பிக்கடைக்கு முன்னால் நின்றிருந்தது. மகள் ஓட்டுநர் இருக்கையில். பெரியவர் பின்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. நான் முன்னிருக்கையில் ஏறி, திரும்பி உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தேன். காலம் தவறியது, அலமாரியில் கோப்பு கிடந்தது, அதை மறைக்க வழக்குப் பலவீனம் என்று சொன்னது. வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று நானாகச் சேர்த்ததையும் சொன்னேன்.

மகள் காரின் எஞ்சினை அணைத்தாள். குளிர்சாதனம் நின்றது.

"அப்ப கேஸ் வீக் இல்லியா?" என்று பெரியவர் கேட்டார்.

"அதைக் கோர்ட்தான் சொல்லியிருக்கணும் ஐயா. நாங்க சொல்லியிருக்கக் கூடாது."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா வெளிய போயி யாரையாச்சும் கேட்டிருப்பேன். நீங்க தமிழ்ல சொன்னீங்க. அதோட விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

மகள் என் பக்கம் திரும்பாமலே, இதை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மிச்சமிருக்கும் காலத்தைப் பற்றிச் சொன்னேன். நான் இதை எடுத்து நடத்த முடியாது, நான் சாட்சி, வேறு வழக்கறிஞரிடம் உடனே போங்கள் என்றேன். குளுவாங்கில் எனக்குத் தெரிந்த, பழைய நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். நடந்ததை எழுதிச் சத்தியம் செய்து தருகிறேன் என்றேன். அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். முதலில் எதற்கு என்று புரியவில்லை. வீட்டுப் பத்திரங்களைக் கேட்கிறாள்.

"இதையும் அவங்ககிட்டயே பண்ணிக்கிறோம்."

கொடுத்துவிட்டு இறங்கினேன். கார் சாலையில் நுழைய இடம் கிடைக்காமல் சிறிது நேரம் நின்றது. அந்தச் சாலையில் எப்போதும் நெரிசல்தான். நான் படிக்கட்டில் ஏறவும் முடியாமல், அவர்கள் பார்வையில் நிற்கவும் முடியாமல், மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் போய் நின்றேன்.

குளுவாங் வழக்கறிஞர் நல்ல வேலைக்காரர். ஆறு வாரத்தில் வழக்கைப் பதிவு செய்தார். நான் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன், பதினொரு பக்கம். பழைய நிறுவனத்தின் எதிர்வாதம் எனக்கும் வந்து சேர்ந்தது. அதைப் படித்தபோதுதான் பெரிய நிறுவனம் என்றால் என்னவென்று எனக்கு முழுமையாகப் புரிந்தது. வாடிக்கையாளரிடம் என்ன சொல்லப்பட்டது என்பது நிறுவனத்துக்குத் தெரியாதாம். அந்த உரையாடல் தமிழில் நடந்ததாம். தலைமைப் பங்குதாரருக்குத் தமிழ் சரளமாக வராதாம். விளக்கம் கொடுத்து அதை உறுதிப்படுத்திக் கையெழுத்திட்டவர் அப்போது பணியிலிருந்த ஒரு வழக்கறிஞர் மட்டுமே. உண்மையில் அந்தக் கோப்பு முழுவதிலும் சீனியர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்று மதியம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசியதற்கு நான் மட்டும்தான் ஆதாரம்.

விசாரணை வரை போகவில்லை. சமரசம் செய்துகொண்டார்கள். என்ன கொடுத்தார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கும் உரிமையும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை வைத்து என் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். கண்டனமும் அபராதமும் விதித்தார்கள், லைசென்ஸ் தப்பியது. விசாரணைக் குழுவில் ஒருவர், நீங்களாகவே முன்வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்திருக்கிறோம் என்றார். ஐந்து வருடம் கழித்து முன்வந்ததையும் எடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றியது. சீனியர்மேல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அடுத்த வருடம் அவருக்குச் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகையில் முழுப் பக்க வாழ்த்து வந்தது. அதில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது.

நீதிமன்ற வளாகத்தில் பழைய சகாக்கள் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். சிலர் என்னைத் துரோகி என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். யாருக்குத் துரோகம் என்பதில் அவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. துரோகம் செய்தேன் என்பதில் வேறுபாடு இல்லை.

போன வருடம் ஒரு வழக்குக்காகக் குளுவாங் போயிருந்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் ரெங்கத்துக்கு வண்டியைத் திருப்பினேன். வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம், பத்திரத்தில் நானே தட்டச்சு செய்ததுதானே. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். அவர்கள் வீட்டு வாசலில் புதிதாகச் சரிவாகச் சிமெண்டு போட்டு, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அது அந்தப் பணத்தில் செய்ததாக இருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது.

அந்த அம்மா வெளியே வந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கேட்டைத் திறக்கவில்லை. ஐயாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

"அவரு தூங்குறாரு" என்றார்.

உள்ளே தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரென்று கேட்டுப் பெரியவர் குரல் கொடுத்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. அந்த அம்மா என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. யாருமில்லை, வழி கேக்குறாங்க என்று உள்ளே கேட்கும்படிச் சொன்னார். நான் வண்டியை எடுத்தேன்.

இப்போது என்னிடம் கையெழுத்துப் போட வருகிறவர்களுக்குப் பத்திரத்தில் இருப்பதை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுத்து, வேறு யாரிடமாவது காட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கே என் வேலைமேல் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் உயில் எழுத வந்த ஒரு தம்பதி காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சரிம்மா, யோசிச்சிட்டு வரோம் என்றார். வரவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே ஆட்களை அனுப்பிவிடுகிறீர்கள் என்று கிளார்க் அக்கா குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொல்வது சரிதான். அடுத்தவருக்கான பக்கத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.